ஆய்வேடு எழுதவும் பழக்குங்கள்



உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இல் தொடங்கியது. அப்படியிருந்தும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் இன்றும் உண்டு. 2022-இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் அவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி தருகிறது, நல்ல காரியம்.

ஆனால் ஆய்வேடு எழுத யார் சொல்லித் தருகிறார்கள்? கடைசிப் பருவத்தில் மாணவர்கள் பழைய ப்ராஜெக்ட்டைப் பார்த்துப் பத்தி பத்தியாக இறக்கிவிடுகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பற்றியே எழுதத் தொடங்கலாம். மாணவர் தோட்டத்துக்குப் போய் விவசாயியிடம் கேட்டு, தன் சொல்லில் இரண்டு பக்கம் எழுதி, யார் சொன்னது, எந்த நூலில் பார்த்தது என்று அடியில் குறித்து, வகுப்பின் முன் நின்று விளக்கட்டும். தமிழிலேயே செய்யலாம்.

முதலாண்டிலேயே இதற்கு வாரம் ஒரு மணி நேரத்தைப் பல்கலைக்கழகம் ஒதுக்க வேண்டும்.

— வாசகர், கம்பம்