உண்ணியை யார் எண்ணுவது?

2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் கண்ட பலர் சில நாள்களுக்குள் உயிரிழந்தனர். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்றே பேசப்பட்டது. மாதிரிகளைப் பரிசோதித்த பின்னரே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. மரணம் முந்தியது, காரணம் பிந்தியது. விலங்குகளிடமிருந்து வரும் அடுத்த நோயிலும் இப்படி நடக்கவேண்டுமா?

குடாநாட்டில் 'உண்ணிக்காய்ச்சல்' எனப்படும் டைபஸ் பல வருடங்களாகப் பதிவாகி வருகிறது. இது ரிக்கெட்சியா குடும்பத்துப் பற்றீரியாக்களால் வருவது. பற்றைகளில் வாழும் மிகச் சிறிய சிற்றுண்ணியும் எலியின் தெள்ளும்கூட அவற்றைக் காவுகின்றன. நேரத்துடன் கண்டுபிடித்தால் டொக்ஸிசைக்கிளின் குணப்படுத்திவிடும். ஆனால் உண்ணிகள் வைரஸ்களையும் காவுகின்றன. அவற்றுக்கு இந்த மருந்து பயன்படாது.

1910 இல் கென்யாவில் அறியப்பட்ட நைரோபி செம்மறி நோய் ஆடுகளைக் கொல்லும் வைரஸ் நோய். இந்தியாவில் அதன் வகை, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டப் பெயரால் அழைக்கப்படுகிறது. மனிதருக்கும் அது காய்ச்சலை உண்டாக்கியிருக்கிறது. இலங்கையில் சேகரித்த உண்ணிகளிலும் இந்த வைரஸ் இருந்ததை 1996 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கர்நாடகத்தில் 1957 இல் குரங்குகள் செத்து விழுந்தபோதுதான் கியாசனூர் காட்டுநோய் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டிலும் நோயின் தடயம் மனிதரிடம் மட்டும் இருக்கவில்லை.

இது எங்களுக்கு வெறும் விஞ்ஞானச் செய்தியல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள், காணி விடுவிக்கப்பட்டபோது கண்டது பற்றைக்காட்டை. அதை வெட்டித் துப்புரவாக்கியவர்கள் அவர்களே. போரில் கணவரை இழந்த பெண்கள் பலருக்கு வாழ்வாதாரமாகக் கிடைத்தவை ஆடுகள். அந்த ஆடு செத்தால் பிள்ளையின் பள்ளிச் செலவும் நின்றுபோகும்.

தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை டைபஸ் நோயாளிகளை மாவட்டவாரியாக எண்ணுகிறது. அது மனிதர் நோயுற்ற பின் எடுக்கும் கணக்கு. அதற்கு முந்திய கணக்கு ஆட்டின் காதிலும் வேலியோரப் புல்லிலும் இருக்கிறது. வெள்ளைத் துணியைப் புல்லில் இழுத்தால் உண்ணிகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றை இனம்பிரித்து, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் வைரஸின் மரபுப்பொருள் சிதைந்துவிடும். கொரோனாக் காலத்தில், 2020 இலேயே, யாழ். போதனா வைத்தியசாலையிலும் மருத்துவ பீடத்திலும் பி.சி.ஆர். பரிசோதனை நடந்தது. கிராமங்களில் கால்நடை வைத்தியர்கள் இருக்கிறார்கள். மாகாண கால்நடைத் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் மருத்துவ பீடமும் ஒரே மேசையில் அமர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை எடுத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதுவரை உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்தெடுங்கள். காய்ச்சலென்று வைத்தியரிடம் போனால், பற்றை வெட்டியதையும் ஆடு வளர்ப்பதையும் சொல்லுங்கள். கொட்டிலில் அடுத்தடுத்து ஆடுகள் செத்தால், புதைக்கும் முன் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். முதல் எச்சரிக்கை அங்கிருந்தும் வரலாம்.