ஏட்டில் உறங்கும் கிணறுகள்

தோழியரே, சென்ற கோடையில் நாங்கள் எட்டுப் பேர் கயிறும் கல்லுமாகச் சென்று எங்கள் தெருக் கிணறுகளை அளந்தோம். குளத்தோரத்தில் 12 அடியில் தண்ணீர். கடைசி வீட்டுப் பாட்டியின் கிணற்றில் 31 அடி. ஏட்டில் அட்டவணை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பாட்டியோ, "என் கிணற்றைப் பற்றி என்னம்மா எழுதினாய்?" என்றார். தம் கிணற்றுக்கு மட்டும் ராசி இல்லை என்று எண்ணியிருந்தாராம்! குளத்தை விட்டு விலக விலக நீர் இறங்குகிறது என்பதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

1930-களில் பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியல் அறிஞர் நிலப் பயன்பாட்டு ஆய்வு நடத்தினார். பள்ளிப் பிள்ளைகள் வயல் வயலாக நடந்து குறித்துத் தந்தார்கள். அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. உழுநிலம் பழுப்பு, புல்வெளி இளம்பச்சை, காடு கரும்பச்சை என வண்ணப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் உணவு உற்பத்தியைத் திட்டமிட அவை உதவின.

ஆய்வை ஊராரிடம் சொன்னதற்கும் மதிப்பெண் வேண்டும் என்பது என் கருத்து. (ஆசிரியைகள் கோபிக்க வேண்டாம்!) நாங்கள் வண்ணப்படம் வரைந்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டோம். பசை காய்ச்சித் தந்தவர் பாட்டிதான்.