பதினேழு வயதில் பட்டாபிஷேகம்

அமெரிக்காவில் கால்பந்து என்பது இந்தியாவில் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டும் கவசமுமாக ஒருவர் மேல் ஒருவர் பாயும் ஆட்டம். அதில் கல்லூரி அணிக்குப் போகும் பையன்களுக்கு, அங்கே பந்தைத் தொடும் முன்பே நிபுணர்கள் நட்சத்திர மதிப்பு கொடுத்துவிடுகிறார்கள். மிகச் சிறந்தவர்களுக்கு ஐந்து நட்சத்திரம். '247ஸ்போர்ட்ஸ்' என்ற நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு அதைத் தருகிறது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் தேர்வின் முதல் சுற்றில் எடுக்கும் எண்ணிக்கைக்கு ஈடாக இந்த 32. மூன்று, நான்கு வருடம் கழித்து நடக்கப்போவதற்கு இன்றே ஜாதகம் எழுதும் வேலை இது.

ஜாதகம் பொய்த்தால் பழி யாருக்கு? ரான் பவ்லஸின் கதையைப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் பெர்விக் என்ற சிற்றூரிலிருந்து 1993ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு வந்த குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய கௌரவமான ஹெய்ஸ்மன் விருதை இவர் இரண்டு முறையாவது வாங்குவார் என்று தொலைக்காட்சி விமர்சகர் பீனோ குக் ஆரூடம் சொன்னார். 1935 முதல் தரப்படும் அந்த விருதை இரண்டு முறை வாங்கிய ஒரே மனிதர் ஆர்ச்சி கிரிஃபின்தான். பவ்லஸ் முதல் வருடமே பயிற்சி ஆட்டத்தில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து உட்கார்ந்தார். பிறகு நான்கு சீஸன் ஆடி, 1997ல் விடைபெற்றபோது அந்தப் பல்கலைக்கழகத்தின் எறிதல் சாதனைகள் பல அவர் பெயரில் இருந்தன. ஆனாலும் 'ஏமாற்றியவர்கள்' பட்டியலில் அவருக்கு நிரந்தர இடம். ஆரூடம் சொன்னவருக்கு அப்படியொரு பட்டியல் இல்லை.

மார்கஸ் டுப்ரீயின் கதை இன்னும் கசப்பானது. மிசிசிப்பி மாநிலத்தின் ஃபிலடெல்பியா என்ற சிற்றூரில் 1964 மே மாதம் பிறந்த கறுப்பினப் பையன். மறுமாதம் அதே வட்டாரத்தில் கறுப்பர்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அதே ஊரில் டுப்ரீ ஓடுவதைப் பார்க்க வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகத் திரண்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் பிடிக்க வந்து குவிந்தார்கள். அந்தக் கூத்தை எழுத்தாளர் வில்லி மோரிஸ் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஓக்லஹோமாவில் சேர்ந்த டுப்ரீ, 1983 ஜனவரியில் ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் 239 கெஜம் ஓடினார். எடை போட்டுவிட்டான் என்று பயிற்சியாளர் பாரி ஸ்விட்சர் குறைப்பட்டார். அதே அக்டோபரில் டுப்ரீ கல்லூரியை விட்டே போனார். அப்போது வயது 19. 1985ல் முழங்கால் போயிற்று. 1990ல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தும் ஆட்டம் நிலைக்கவில்லை.

கணிப்பு ஏன் பிசகுகிறது? சக வயதினரை விடச் சீக்கிரம் வளர்ந்துவிட்ட உடம்பு பள்ளி மைதானத்தில் திறமை போலவே தெரியும். கல்லூரியில் எல்லோருக்கும் அதே உடம்பு. மறுபுறம், ஆரன் ராட்ஜர்ஸைப் பெரிய கல்லூரி எதுவும் உதவித்தொகை தந்து அழைக்கவில்லை. பியூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கிய அவர், என்.எஃப்.எல்.லின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை நான்கு முறை வாங்கினார்.

இப்போது இதில் பணமும் சேர்ந்துவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகத் தரலாம். வீரர்களின் உழைப்பில் பல்கலைக்கழகங்கள் காலங்காலமாகச் சம்பாதித்ததால், இது நியாயமான மாற்றம்தான். ஆனால் சாதித்த பிறகு தரும் கூலியோடு, சாதிப்பான் என்ற நம்பிக்கைக்குத் தரும் முன்பணமும் இதில் கலந்திருக்கிறது. பவ்லஸ் பொய்யாக்கியது ஒரு விமர்சகரின் வாக்கை மட்டுமே. நாளைய பையனின் முழங்கால் மடங்கும்போது, போட்ட பணத்துக்கும் அவனிடம்தான் கணக்குக் கேட்பார்கள்.