விடுமுறைத் தீவும் வேலைத் தீவும்

ஓய்வு என்பது சோம்பலன்று; உழைத்த உடலுக்கும் உள்ளத்துக்கும் அது மருந்து. ஆண்டு முழுவதும் நூலோடும் கணக்கோடும் இயந்திரத்தோடும் மல்லாடிய ஒருவர் சில நாள் கடற்கரையில் காற்று வாங்கி வாளா இருப்பாராயின், அவரைக் குறை கூறுதல் தகாது. கடல் கடந்து தொழில் செய்யும் தமிழ் இளைஞருட் சிலர் இக்காலத்திற் கரிபியன் கடல் தீவுகளுக்குச் சென்று விடுமுறையைக் கழிக்கின்றனர். அவர்கள் நலமாய்ச் சென்று நலமாய் மீள்க என்றே நாம் வாழ்த்துகின்றோம்.

ஆயினும், அத்தகைய சுகவாசத்தைப் பற்றி ஒன்று கூற விரும்புகின்றோம். ஒருவருடைய ஓய்வுக்காலம் பெரும்பாலும் மற்றொருவருடைய கடுமையான உழைப்புக்காலமாகவே அமைகின்றது. அதனை அறிந்து ஓய்வு கொள்வதே கற்றவர்க்கு அழகு என்பது நம் கருத்து.

குவாதலூப் என்னும் தீவினை எடுத்துக்கொள்வோம். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற வடிவினது அது. மேற்குச் சிறகில் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியர் என்னும் எரிமலை நிற்கின்றது. கிழக்குச் சிறகில் வெண்மணற் கரைகளும் கரும்புத் தோட்டங்களும் உள்ளன. ஜூன் முதல் நவம்பர் வரை அக்கடலிற் புயல்கள் எழும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும். ஆதலின் விருந்தினர் அம்மாதங்களிலேயே அங்கு வந்து குழுமுகின்றனர். அதே உலர்ந்த பருவத்தில், ஏறத்தாழப் பிப்ரவரித் திங்களில், கரும்பு வெட்டும் தொடங்குகின்றது. வெட்டுவோர்க்கும் வேண்டுவது மழையற்ற வானமே அன்றோ? தீவினர் அப்பருவத்திற்கு இட்ட பெயர் 'கரேம்'. அது கிறிஸ்தவரின் தபசுக்காலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வந்தவர்க்கு விருந்துக்காலம்; இருப்பவர்க்குத் தபசுக்காலம்!

இக்கரும்பு தமிழராகிய நமக்கு அயலானதன்று. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற மக்களிற் பலர் பழைய தோட்டங்களில் உழைக்க மறுத்தனர். முதலாளிகளோ இந்தியாவை நோக்கினர். 1854 டிசம்பர் மாத இறுதியில் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை முதன்முதலாகக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவருட் பலர். நோயாலும் வேலைக் கடுமையாலும் மாண்டவர் பலர். எஞ்சியவருட் பலர் தாயகம் திரும்பவேயில்லை. இன்று விடுமுறை விருந்தினர் டிசம்பர் மாதத்திற் களிப்போடு இறங்கும் அதே கரையில், அன்று டிசம்பர் மாதத்தில் இறங்கியோர் மண்வெட்டிக்கும் வெட்டுக்கத்திக்குமாக இறங்கினர்.

அவர் வழிவந்தோர் தமிழ்மொழியை இழந்தனர். எனினும் மாரியம்மனை இழந்திலர். அவளை 'மாலியெமின்' என்று அழைத்து இன்றும் வழிபடுகின்றனர். 'கொலொம்போ' என்னும் மசாலைப் பொடியிட்டுச் சமைத்த கறி அத்தீவினர் அனைவர்க்கும் உரிய உணவாயிற்று. அங்கேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் (1863-1952) என்பார் இந்திய வமிசத்தார்க்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் வெற்றி கண்டார். தங்கும் விடுதியில் அக்கறியைச் சுவைத்து உண்ணும் தமிழ் இளைஞர் ஒருவர், இவ்வரலாற்றிற் சிறிதும் அறியாது மீள்வாராயின், அவர் அத்தீவின் மணலை மட்டுமே கண்டவராவார்.

நிற்க. இவ்வுண்மையை உணரக் கடல் கடத்தலும் வேண்டா. ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, பெருஞ்சாலை ஓரத்தில் உள்ள சூளகிரியில் நின்று நோக்கினாற் போதும். விடுமுறை நாட்களிற் பெங்களூரினின்று தெற்கே செல்லும் வண்டிகள் அச்சாலையில் வரிசையாய்ப் பறக்கின்றன. சாலைக்கு அப்பால், விடியுமுன் கொத்தமல்லியைப் பிடுங்கிக் கட்டுகளாகக் கட்டிச் சந்தைக்கு அனுப்புவோர் உள்ளனர். பொங்கல் வந்தால் ஊரார்க்கு ஓய்வு. பூப்பறிப்பவர்க்கோ கை ஓயாத வேலை. பிப்ரவரி 14-இல் எங்கோ ஒரு நகரத்திற் கைமாறும் ரோஜா, அதற்கு முந்திய வாரங்களில் ஒசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் யாரோ ஒரு பெண் முள் பட்டுப் பறித்ததாக இருக்கலாம். கரும்பும் ரோஜாவும் வேறு, விதி ஒன்றே.

"விருந்தினர் வருவதனாலன்றோ அவர்களுக்குப் பிழைப்பு?" என்று சிலர் வினவக்கூடும். உண்மையே, போகற்க என்று நாம் சொல்லவில்லை. பிழைப்பு அளித்தமையால் மதிப்பு அளிக்கும் கடமை தீர்ந்துவிடாது என்றே சொல்கின்றோம். ஒரு வாரத்தில் நான்கு தீவுகளை ஓடி ஓடிப் பார்த்தல் ஓய்வாகாது. அது மற்றொரு வேலை. ஓரிடத்திலேயே தங்குக. சந்தையிற் பேரம் பேசி நான்கு காசு மிச்சப்படுத்தலை வெற்றியெனக் கருதற்க. அறையைத் துப்புரவு செய்பவரின் பெயரைக் கேட்டு அறிக.

எல்லாவற்றினும் முதன்மையானது, ஓய்வு என்னும் நன்மையைப் பகிர்ந்து கொள்ளுதல். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓர் ஆண்டில் 240 நாள் உழைத்த தொழிலாளிக்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பை விதித்தது. ஒசூர்ச் சிப்காட் ஆலைகளின் வாயிலுக்குள் நுழைந்தவர்க்கு அது காவலாயிற்று. ஆனால் ஆலைச் சுவருக்கு வெளியே வயலிற் பூப்பறிப்பவளை அச்சட்டம் எட்டவில்லை. வராத நாளுக்குக் கூலியில்லை என்பதே அவள் அறிந்த நியதி.

மாணவர்களே! நாளை நீங்கள் பலருக்கு வேலை அளிக்கும் நிலையை அடைவீர்கள். அன்று உங்கள் விடுமுறையைக் குறிக்கும் அதே நாட்காட்டியில், உங்கள் வீட்டிற் சமைப்பவரின் விடுமுறையையும், வண்டி ஓட்டுபவரின் விடுமுறையையும் ஊதியத்தோடு குறித்து வையுங்கள். விடுதிகளில் மாணவர்க்கு உணவு சமைப்போர்க்குக் கோடை விடுமுறை கூலியற்ற பட்டினிக்காலமாக முடியாதிருக்கவேண்டும் என்பதைக் கல்லூரிகள் யாவும் எண்ணிப் பார்த்தல் நன்று. தீவு வாசம் எல்லார்க்கும் கிட்டாது. கவலையின்றி உறங்கி எழும் ஒரு வாரமேனும் எல்லார்க்கும் கிட்டச் செய்தல் நம் கையில் உள்ளது.