டயரில் குத்தியது யார் வீட்டு ஆணி?

குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்ற செய்தி வந்தால் போதும். மதுரையிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும், நாகர்கோவிலிலிருந்தும் கார்கள் புறப்பட்டுவிடும். பிள்ளை குட்டிகள், புளியோதரைப் பாத்திரம், தலைக்குத் தேய்க்க எண்ணெய், எல்லாம் காருக்குள்.

சென்ற சீசனில் நாங்களும் போனோம். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், என் மாமியார். தென்காசியைத் தாண்டி மேலகரம் வரை கார் ஒழுங்காக ஓடியது. பிறகு பின்பக்கம் இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயர் பாதி உட்கார்ந்துவிட்டது!

டயரின் நடுவில் ஒரு வட்டம் பளபளத்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வெள்ளி போல மின்னியது. ஆணி என்றால் கொண்டை இருக்கும். திருகாணி என்றால் திருப்புளி வைக்கக் காடி இருக்கும். இதில் இரண்டும் இல்லை.

"துப்பாக்கிக் குண்டாப்பா?" என்றான் மூத்தவன். அவன் சினிமா அதிகம் பார்க்கிறவன்.

மாமியாருக்கு வேறு சந்தேகம். "இது தானாக் குத்தினது இல்லை மாப்பிள்ளை. எவனோ வேணும்னே போட்டிருக்கான்" என்றார். சொல்லிவிட்டு எதிரே பார்த்தார்.

எதிரே இருந்தது பஞ்சர் கடை!

அந்தப் பார்வையின் அர்த்தம் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. கோபப்படவில்லை. "அம்மா, முதல்ல அதை வெளியே எடுப்போம். எங்க இருந்து வந்ததுன்னு அதுவே சொல்லிரும்" என்றார்.

சாமான் பேசியது!

குறடால் பிடித்து இழுத்தார். இரண்டு அங்குல நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு வந்தது. உடம்பெல்லாம் மரை. நுனி மட்டும் ஆணி போலக் கூராக இல்லை. சுவரில் துளை போடுவார்களே, அந்த டிரில் கருவியின் அலகு மாதிரி வெட்டு விழுந்திருந்தது. மேலே, தேய்ந்துபோன தலைக்குக் கீழே, ஒரு கறுப்பு ரப்பர் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ரப்பரைப் பார்த்ததும் கடைக்காரர் சிரித்தார். "கூரைக்கு ஷீட்டு மாட்டுவாங்கள்லா அண்ணாச்சி, அந்த ஸ்குரு. மழைத் தண்ணி ஒழுகாம இருக்க இந்த ரப்பர் வளையம். வேற எதுக்கும் இது கிடையாது" என்றார். பக்கத்திலிருந்த டப்பாவைக் கிளறி, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து அருகில் வைத்தார். அதன் தலை ஆறு பட்டையாக இருந்தது. எங்கள் டயரில் இருந்ததில் பட்டைகள் போய், தலை தட்டையாகத் தேய்ந்திருந்தது.

முன்பெல்லாம் தகரத்தில் முதலில் துளை போட வேண்டும். பிறகு போல்ட்டை மாட்டி முடுக்க வேண்டும். இந்தத் திருகாணிக்கு அந்த வேலை இல்லை. மின்சாரக் கருவியில் பொருத்தி அழுத்தினால் தகரத்தையும், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தையும் தானே துளைத்துக்கொண்டு இறங்கும். இரும்பையே துளைக்கிற நுனிக்கு ரப்பர் டயர் எம்மாத்திரம்?

கடைக்காரர் அதோடு விடவில்லை. தேய்ந்த தலையை மாமியாரிடமே காட்டினார். "இந்தத் தேய்மானம் ஒரு மைல்ல வராது அம்மா. ரொம்ப தூரம் உங்ககூட ஓடி வந்திருக்கு. இன்னைக்கு இந்த ரோட்டுல ஏறுனது இல்ல" என்றார்.

மாமியார் பதில் பேசவில்லை. பையைத் திறந்து, பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த முறுக்கில் இரண்டை எடுத்து அவருக்குக் கொடுத்தார்.

எப்படி ஓடியது?

டயரில் ஆணி இருக்கும்போதே கார் எப்படி அவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்கலாம். இக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் டியூப் கிடையாது. டயரே காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே போன ஆணியை ரப்பர் சுற்றி இறுக்கிக்கொள்ளும். குத்திய ஆணியே ஓட்டைக்குத் தக்கையாகவும் ஆகிவிடுகிறது! காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். டியூப் உள்ள டயரில் இந்தச் சலுகை இல்லை. குத்தினால் சீக்கிரமே இறங்கிவிடும்.

பஞ்சர் அதிகம் ஆவது பின் டயர்தான். காரணம் எளிது. சாலையில் ஆணி படுத்துத்தான் கிடக்கும். முன் சக்கரம் அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்து நிற்கும் அந்தக் கணத்தில் பின் சக்கரம் வந்து ஏறுகிறது. முன்னது எழுப்ப, பின்னது மாட்டிக்கொள்ள!

சாரல் காலத்தில் இந்தத் தொல்லை கூடுகிறது. சாலை ஓரத்தில் கிடக்கும் ஆணிகளை மழைத் தண்ணீர் நடுவுக்கு இழுத்து வந்து போடும். நனைந்த ரப்பரில் கூர்மையான பொருள் வழுக்கிக்கொண்டு இறங்கும். வெயில் காலத்தில் தப்பிய டயர் மழையில் மாட்டிக்கொள்ளும். குற்றாலத்துக்குக் கூட்டம் வருவதும் அதே சாரலில்தான்.

டப்பாவுக்குள் ஒரு சரித்திரம்

பஞ்சர் ஒட்டி முடியும்வரை அந்த டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். பழைய பிஸ்கட் டப்பா. டயர்களிலிருந்து எடுத்தவற்றை அதில் போட்டு வைத்திருந்தார். வெல்டிங் குச்சியின் மிச்சத் துண்டுகள். கான்கிரீட் வேலைக்குக் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பி. லாரியின் வில் பட்டையிலிருந்து உடைந்த சில்லு. ஒரு சின்ன பூட்டுச் சாவிகூடக் கிடந்தது. அதைத் தேடி எந்த வீட்டில் சண்டை நடந்ததோ!

ஊர் எப்படி மாறியிருக்கிறது என்பதை அந்த டப்பா காட்டியது. மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில் டயருக்கு எமனாக இருந்தது லாட ஆணி. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. எனவே ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு லாடம், ஒவ்வொன்றிலும் பல ஆணிகள். தேய்ந்ததும் அவை கழன்று சாலையில் விழும். இப்போது வண்டிகள் குறைந்துவிட்டன. லாட ஆணியின் இடத்தைக் கூரைத் திருகாணி பிடித்துக்கொண்டது. வீடு கட்டுகிறோம், மொட்டை மாடிக்கு ஷீட் போடுகிறோம், சீசன் கடைகளுக்குப் பந்தல் போட்டுப் பிரிக்கிறோம். மேலே நின்று வேலை செய்கிறவர் கையிலிருந்து ஒரு திருகாணி நழுவினால் அதை எடுக்கக் கீழே இறங்கி வருவாரா? இன்னொன்றை எடுத்து முடுக்குவார்.

பிறகு இந்த வட்டாரத்துக்கு லாரிகள். திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் போகிறது 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்கு இந்த வழியாகத்தான் மலை ஏறுகின்றன. பள்ளத்தில் ஒரு குலுக்குக் குலுக்கினால் ஏதாவது ஒன்று உதிர்கிறது.

சென்னை போன்ற பெரிய நகரங்களில் இன்னொரு மர்மப் பொருள் டயரில் கிடைக்கலாம். ஒடுக்கமான, தட்டையான, வளையாத ஓர் உருக்குக் கம்பி. எந்தச் சாமானின் பாகம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாலையைப் பெருக்குகிற இயந்திரத்தின் துடைப்பத்திலிருந்து உதிர்ந்த குச்சி அது! தெருவைச் சுத்தம் செய்ய வந்ததும் குத்துகிறது.

மனிதன் போடாத ஆணியும் உண்டு. நம் ஊர் நெருஞ்சியை அமெரிக்காவில் ஜனங்கள் அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? 'பஞ்சர் கொடி'! அதன் முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். சைக்கிள் டியூப்புக்கு அது போதும். அந்தக் கொடியை ஒழிக்க 1961-இல் வெளிநாட்டிலிருந்து இரண்டு வகை வண்டுகளைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள் என்றால் தொல்லையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சந்தேகம் பொய்யா?

முழுவதும் பொய் என்று சொல்ல முடியாது. பெங்களூர் வெளிவட்டச் சாலையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் எஞ்சினியர். தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவர் வண்டி அடிக்கடி பஞ்சர் ஆனது. ஒரே சாலையில் மறுபடி மறுபடி ஆணி கிடப்பதைக் கவனித்தார். 2014 முதல் காந்தம் கட்டிய குச்சியை எடுத்துக்கொண்டு காலையில் ஆணி பொறுக்கினார். எவ்வளவு கிடைத்தது தெரியுமா? 30 கிலோவுக்கு மேல்! தவறி விழுந்தது இவ்வளவு இருக்குமா என்று நகரமே கேட்டது. பஞ்சர் கடைக்காரர்கள் மேல் சந்தேகம் எழுந்தது. புகாரும் போனது.

அதற்காக எல்லாப் பஞ்சர் கடைக்காரரையும் திருடன்போல் பார்ப்பது நியாயமா? நடு ரோட்டில், நடு மழையில், பெண்டு பிள்ளைகளோடு நிற்கும்போது நமக்குக் கை கொடுப்பவர் அவர்தான். ஒரே மாதிரிப் புது ஆணி, ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் கிடந்தால் சந்தேகப்படலாம், போலீசில் சொல்லலாம். ஒன்று துருப்பிடித்தது, ஒன்று தேய்ந்தது, ஒன்று கட்டுக்கம்பி என்று கிடந்தால் அது ஊர்க் குப்பை. டயரில் எடுத்த சாமானைப் பார்க்காமலே வீசிவிடுகிறோம். பிறகு யார் மேலாவது பழி போடுகிறோம்.

113 உயிர்கள்

ஒரு துண்டு உலோகத்தை அடையாளம் காண்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஜூலை 25. பாரிஸ் நகரிலிருந்து நியூயார்க் போகப் புறப்பட்டது கான்கார்டு விமானம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் அது. ஓடுபாதையில் ஓடும்போதே அதன் டயர் ஒன்று கிழிந்தது. டயரின் பெரிய துண்டு தெறித்து இறக்கையின் அடியில் மோதியது. எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானம் ஒரு ஓட்டலின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், தரையில் இருந்த 4 பேரும் மாண்டார்கள்.

டயரைக் கிழித்தது எது? ஓடுபாதையில் ஓர் உலோகப் பட்டை கிடைத்தது. ஒன்றரை அடி நீளம்கூட இல்லை. டயரின் கிழிசலோடு பொருத்திப் பார்த்தார்கள்; பொருந்தியது. யாருடையது என்று தேடினார்கள். சில நிமிஷங்களுக்கு முன் அதே பாதையில் ஏறிப் பறந்த வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்தது என்று தெரிந்தது. ஒழுங்காகப் பொருத்தப்படாத பட்டை! அதைப் பொருத்தியவர் டயரையும் நினைத்திருக்க மாட்டார், 113 பேரையும் நினைத்திருக்க மாட்டார்.

அந்தப் பட்டை டைட்டானியம். காந்தத்தில் ஒட்டாது. நல்லவேளையாக நம் சாலையில் கிடப்பது பெரும்பாலும் இரும்பு. ஒரு காந்தம் அதைப் பொறுக்கிவிடும். பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தமே போதும். அதைக் கயிற்றில் கட்டி இழுத்தால், ஷீட் போட்ட இடத்தைக் கால் மணி நேரத்தில் சுத்தம் செய்யலாம். ஷீட் போடுகிறவரிடம் கூலி பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும் என்பேன். சீசன் கடைகளைப் பிரிக்கிறவர்களுக்கும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். பஞ்சாயத்துக்கு இதனால் என்ன செலவு?

கார் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டியூப் இல்லாத டயரில் ஆணியைக் கண்டால் நடு வழியில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தக்கை போய்விடும். காற்று இருந்தால் மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போங்கள். டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. டயரையே மாற்ற வேண்டும். உங்கள் காரில் உபரிச் சக்கரம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். டயரின் காற்றைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாமான்களும் இருந்தால் உபரிச் சக்கரம் வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2020-இல் விதியை மாற்றியது. டவுனுக்குள் அது சரி. டயரே கிழிந்துபோனால் அந்த அடைப்புச் சாமான் என்ன செய்யும்? புளியரை வளைவில், இரவில், முன்னும் பின்னும் லாரி வரும்போது, உபரிச் சக்கரத்தின் அருமை தெரியும்.

எங்கள் டயருக்கு 150 ரூபாய் ஆனது. ஐந்தருவிக்குப் போய்க் குளித்தோம். அந்தத் திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் மேலே பார்த்தேன். எங்கள் மொட்டை மாடியில் நீல நிற ஷீட். போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பெரியவன் பழைய ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். கார் நிற்கிற இடத்திலும் தெருவிலும் இழுத்துப் பார்த்தோம். பதினொன்று கிடைத்தன. எல்லாவற்றிலும் கறுப்பு ரப்பர் வளையம்.

மாமியார் வாசற்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.