பழைய பாட்டையே பாடு என்றால் எப்படி?

என் மகள் வயிற்றுப் பேரன் என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசுவது அபூர்வம். 2018 மே மாதம் விடுமுறைக்கு வந்திருந்தவன், ஒருநாள் மாலை மொட்டைமாடியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்து, "தாத்தா, செர்ஜ் கெயின்ஸ்பர்க்னு ஒரு பிரெஞ்சுக்காரரைத் தெரியுமா?" என்று கேட்டான்.

"கெயின்ஸ்பர்க் இல்லடா, செர்ழ் கேன்ஸ்பூர்" என்றேன். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்தத் திருத்தும் வியாதி சாகும்வரை போகாது.

"யாரோ ஒருத்தர். அவரை மாதிரி பாடப் போய்த்தான் எங்க பேண்டு கெட்டுப்போச்சு!"

அவன் சொன்னது ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ஆங்கிலேயக் குழுவை. பெரிய கம்பெனிகளைச் சாராமல், டொமினோ என்ற தனி நிறுவனத்தின் மூலம் இசைத்தட்டு வெளியிடுகிறவர்கள். இந்த மாதிரி இசைக்கு இண்டி ராக் என்று பெயராம். ஷெஃபீல்டு நகரத்துப் பையன்கள். 2006-இல் முதல் ஆல்பம் வந்தபோது அவர்களுக்கு இருபது வயது இருக்கும். பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. சனிக்கிழமை இரவு, நடன விடுதி வாசல், டாக்சிக்குக் காத்திருக்கும் வரிசை என்று தங்கள் ஊரில் கண்டதைக் கிட்டாரும் டிரம்ஸுமாய் மூச்சுவிடாமல் பாடினார்கள். 2013-இல் வந்த 'ஏ.எம்.' என்ற ஆல்பம் உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் பேரனும் அதில்தான் விழுந்தான்.

பிறகு ஐந்து வருடம் மௌனம். 2018 மே 11 அன்று புது ஆல்பம் வந்தது. வழக்கம்போல் ஒரு பாட்டை முன்கூட்டி விட்டு ஆசை காட்டக்கூட இல்லை. கேட்டால் கிட்டாரின் ஆர்ப்பாட்டத்தைக் காணோம். பியானோ முன்னால் நிற்கிறது. பாடகர் அலெக்ஸ் டர்னர் ஓட்டல் கூடத்தில் நள்ளிரவில் தனக்குத்தானே பேசிக்கொள்பவர் போல் பாடுகிறார். அந்த ஓட்டல் இருப்பதோ சந்திரனில்! ஆல்பத்தின் பெயரே 'ட்ராங்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கேசினோ'. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் இறங்கிய இடத்தின் பெயர் அது. என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். "இது பாடகரின் தனிக் கச்சேரி, குழுவின் ஆல்பமே இல்லை" என்று ஒரு கட்சி. "இதுவரை செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது" என்று இன்னொரு கட்சி. என் பேரன் முதல் கட்சி. மாடியில் உட்கார்ந்திருந்த அவன் நண்பன் இரண்டாவது. விமர்சகர்கள் பலரும் கேன்ஸ்பூரை ஒப்பிட்டு எழுதியதால், தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளில் எனக்கு ஒரு பள்ளித் தோழன் இருந்தான். அவன் வீட்டுத் திண்ணையில் ஜானி அலிடேயின் சின்னத் தட்டுகளைப் போட்டுப் போட்டு ஆடுவோம். அந்தத் துள்ளல் பாட்டுகளுக்கு பிரான்சில் 'யே-யே' என்று பெயர். அவன் 1967-இல் பிரான்சுக்குப் போனான். 1972-இல் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தான். கேன்ஸ்பூர் முந்தின வருடம் வெளியிட்ட 'மெலோடி நெல்சன்'. மொத்தமே அரைமணிக்கும் குறைவு. ஆள் பாதி பாடுகிறார், பாதி முணுமுணுக்கிறார். அடியில் பேஸ் கிட்டார் தனியாக நடந்துகொண்டிருக்கும், மேலே வயலின் கூட்டம். நான் ஒரு பக்கம் முடிவதற்குள், "இது பாட்டா, பேச்சா? ஜானி தட்டு ஒண்ணும் கிடைக்கலையா? நீ முன்னே மாதிரி இல்லடா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் கடிதம் குறைந்தது, நின்றது. சில வருடங்களுக்கு முன் அவன் அங்கேயே காலமானான் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆல்பம் வெளிவந்த புதிதில் பிரான்சிலும் சரியாக விற்கவில்லை. இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அது எனக்குப் பெரிதல்ல. ஐந்து வருடம் முன்பின் தெரியாத தேசத்தில் தனியாக இருந்தவன், தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல அந்தத் தட்டைக் கொண்டுவந்திருக்கிறான். நான் பழைய திண்ணையைக் கேட்டேன்.

பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு, என் கருத்தையும் சொன்னேன்.

"பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "ஏமாற்றிவிட்டார்கள்" என்பது வேறு. முதலாவதைச் சொல்ல ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. பத்தாம் வகுப்புப் படிப்பில் தவித்தபோது துணையிருந்த பாட்டுகள் அவை. புதியது அப்படி ஒட்டவில்லை என்றால் வருத்தம் வரத்தான் செய்யும். "உனக்குப் புரியவில்லை" என்று அவன் நண்பன் மட்டம்தட்டியதும் தவறு. புரிந்தும் பிடிக்காமல் போகலாம். பிடித்தவர்களிலும் பாதிப்பேர் குழுவின் மேலுள்ள விசுவாசத்தால் புகழ்பவர்களாக இருக்கலாம்.

ஆனால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்பதற்கு ஒரு வாக்குறுதி முதலில் இருந்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நான். அப்படி ஒரு ஒப்பந்தத்தை எந்தக் கோப்பிலும் காணோம். முப்பது வயதில் மேனேஜர் பரிசாகக் கொடுத்த ஸ்டீன்வே பியானோ முன் உட்கார்ந்து டர்னர் பாட்டு எழுதினார். கிட்டாரில் பிறக்கும் மெட்டு வேறு, பியானோவில் பிறக்கும் மெட்டு வேறு. உலகம் சுற்றி, பேரும் பணமும் கண்ட மனிதர் முப்பத்திரண்டு வயதில் ஷெஃபீல்டில் டாக்சிக்கு நிற்பதாகப் பாடினால், அதுதான் ஏமாற்று.

மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று முறை கேட்டேன். சில பாட்டுகள் சாமர்த்தியப் பேச்சிலேயே தங்கிவிடுகின்றன, மெட்டு நெஞ்சில் நிற்கவில்லை. ஆனால் 'ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்' எனக்குப் பிடித்தது. சந்திரனில் சாப்பாட்டுக் கடை திறந்து, அதற்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கும் கிண்டல். எதற்கெடுத்தாலும் நட்சத்திரம் போடும் இந்தக் காலத்துக்குச் சரியான குட்டு. இன்னொரு அற்ப சந்தோஷம்: ஒலிப்பதிவில் ஒரு பகுதி பாரிசுக்குப் பக்கத்தில் சேன் நதிக்கரையில் லா ஃப்ரெத் என்ற ஊரின் பழைய மாளிகையில் நடந்ததாம்.

2022-இல் 'தி கார்' வந்தது. அது இன்னும் நிதானம், இன்னும் வயலின். அதற்குமுன் வந்த ஆறு ஆல்பங்களும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை. இது டெய்லர் ஸ்விஃப்டுக்கு அடுத்து இரண்டாவதாக நின்றது. இருந்தாலும் மேடையில் அவர்கள் பழைய பாட்டுகளையும் பாடத்தான் செய்கிறார்கள். யாரும் அவற்றை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை.

பேரன் இப்போது வேலையில் இருக்கிறான். அந்த 2018 ஆல்பம் இன்னும் பிடிக்கவில்லையாம். இருக்கட்டும். ஆனால் அதைப் பிடிக்கும் என்று சொன்ன நண்பனோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறான். அதில் எனக்கு நிம்மதி.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "புரியலடா, இன்னொரு தடவை போடு." கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். அவன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டான்.