மின்சாரத்துக்குத்தான் அணு உலை... பிறகு ஏன் பயம்? சவுதி விவகாரத்தில் சிக்கல் என்ன?

அமெரிக்காவும் சவுதி அரேபியாவும் சிவில் அணுசக்தி ஒத்துழைப்புக்கான பேச்சுவார்த்தையை முடித்துவிட்டதாக 2025 நவம்பரில் கூட்டாக அறிவித்தன. மின்சாரம் தயாரிக்கத்தானே உலை, இதில் உலகம் பயப்பட என்ன இருக்கு?

உலைதான் பிரச்னையா?

உலையைவிட, அதற்கான எரிபொருள்தான் பிரச்னை. பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில், அணுப்பிளவுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7% தான். பெரும்பாலான மின் உலைகளுக்கு அதை 3 முதல் 5% வரை செறிவூட்டினால் போதும். குண்டுக்கு சுமார் 90% தேவை. இரண்டுக்கும் பயன்படுவது ஒரே தொழில்நுட்பம்! அதேபோல, பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கம் செய்தால் புளூட்டோனியம் கிடைக்கும். அதை வைத்தும் குண்டு செய்யலாம்.

இதற்கு முன்பு நடந்திருக்கா?

நடந்திருக்கு, அதுவும் இந்தியாவில். ட்ராம்பேயில் 1960-ல் இயங்கத் தொடங்கிய 'சைரஸ்' ஆராய்ச்சி உலையைத் தந்தது கனடா. அதற்குக் கனநீர் தந்தது அமெரிக்கா. அமைதிப் பணிகளுக்கு மட்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த உலையில் உருவான புளூட்டோனியம்தான் 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. 'அமைதிக்கான அணு வெடிப்பு' என்றது இந்தியா. கனடா அதை ஏற்கவில்லை, ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுசக்திப் பொருட்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட, அணுசக்தி விநியோக நாடுகள் குழுவும் உருவானது. அந்தக் குழு இந்தியாவுக்கு விலக்கு தர 2008 வரை ஆனது.

அமீரகம் என்ன செய்தது?

2009-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டபோது, 'செறிவூட்டவும் மாட்டோம், மறுசெயலாக்கமும் செய்ய மாட்டோம்' என எழுதிக் கொடுத்தது ஐக்கிய அரபு அமீரகம். இன்று அதன் பராக்கா நிலையத்தில் தென் கொரியா கட்டிய 4 உலைகள் இயங்குகின்றன.

சவுதி ஏன் தயங்குகிறது?

தங்கள் மண்ணிலேயே யுரேனியம் இருக்கிறது, அதை ஏன் செறிவூட்டக் கூடாது என்பது சவுதியின் வாதம். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் அமைதிப் பயன்பாட்டை உரிமையாகவே சொல்கிறது. ஆனால், ஈரான் அணுகுண்டு தயாரித்தால் நாங்களும் தயாரிப்போம் என்று 2018-ல் பேட்டி கொடுத்தவர் சவுதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். சந்தேகம் வலுக்க அதுவும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியது என்ன?

அமீரக ஒப்பந்தத்தில் இன்னொரு அம்சமும் உண்டு. அந்தப் பகுதியில் வேறு நாட்டுக்கு அமெரிக்கா கூடுதல் சலுகை தந்தால், அமீரகமும் மறுபேச்சுவார்த்தை கேட்கலாம். அதாவது, சவுதிக்குத் தரும் சலுகை சவுதியோடு நிற்காது. அதனால் எத்தனை உலை வருகிறது என்பதைவிட, செறிவூட்டும் உரிமை யார் கையில் என்பதுதான் முக்கியக் கேள்வி.